செம்பருத்தி மட்டும் போதுமா?

(இளம் அறிவியல் தாவரவியல், இரண்டாம் ஆண்டு மாணவன்)

‘உள்ளூர் மாடு விலை போகாது’ என்பது பழமொழி. மாட்டுக்குச் சொன்னதை நாம் செடிக்கும் பொருத்திவிட்டோமோ என்ற ஐயம் எனக்குச் சில காலமாகவே உண்டு. தாவரவியல் மாணவர் எவரையேனும் நிறுத்தி, “மால்வேசி குடும்பத்துக்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்” என்று கேட்டுப் பாருங்கள். சற்றும் தயங்காமல் “ஹைபிஸ்கஸ் ரோசா சைனென்சிஸ்” என்பார். அதாவது, வீட்டு முற்றத்துச் செம்பருத்தி. செய்முறை வகுப்பில் மேசைமேல் வருவதும் அதுதான். பதிவேட்டில் வண்ணப் பென்சிலால் வரைவதும் அதுதான். தேர்வு நாளன்று தட்டில் காத்திருப்பதும் பெரும்பாலும் அதுதான்.

ஆனால் கார்த்திகை மழை ஓய்ந்த பின்னர்த் திருமயம் கோட்டைப் பாறையின் அடிவாரத்திலோ, கண்மாய்க் கரையிலோ, இருப்புப்பாதை ஓரத்துச் சரளை மண்ணிலோ சிறிது தூரம் நடந்து பாருங்கள். அதே மால்வேசி குடும்பத்துச் செடிகள் காலை உரசிக்கொண்டு நிற்கும். மஞ்சள் பூ, வெள்ளைப் பூ, இளஞ்சிவப்புப் பூ எனப் பல நிறம். அவற்றைக் காட்டி “இது என்ன?” என்று கேட்டால், “ஏதோ களைச்செடி” என்னும் விடைதான் நம்மவரிடமிருந்து வருகிறது. குடும்பத்தைப் பற்றிப் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதத் தெரிந்த நமக்கு, அந்தக் குடும்பத்தார் நம் ஊரிலேயே குடியிருப்பது தெரியவில்லை! இந்த நிலை மாற வேண்டும். நம் நிலத்தின் காட்டுப்பூக்களை இனங்காணும் பயிற்சி நம் கல்லூரியின் அன்றாடப் படிப்பில் இடம் பெற வேண்டும் என்பதே நான் இங்கே முன்வைக்க விரும்பும் கருத்து.

செம்பருத்தியின் நிறையும் குறையும்

செம்பருத்தியை நான் பழிக்க வரவில்லை. அது நல்ல ஆசான். பெரிய பூ, ஐந்து அல்லி இதழ்கள் மொட்டில் ஒன்றையொன்று திருகித் தழுவிக்கொண்டிருப்பதைக் கண்ணாலேயே காணலாம். மகரந்தத் தாள்கள் யாவும் ஒன்றாய் இணைந்து ஒரு குழல் போலாகிச் சூல் தண்டைச் சூழ்ந்திருப்பதை முதல் நாள் வந்த மாணவனும் புரிந்துகொள்வான். புல்லி வட்டத்துக்கு வெளியே இன்னொரு வட்டமாக நிற்கும் புறப்புல்லியையும் அது தெளிவாகக் காட்டும்.

குறை எங்கே என்றால், ஒரு செடியைக் கண்டு ஒரு குடும்பத்தையே அளந்துவிடுகிறோம் என்பதில்தான். செம்பருத்தி மனிதன் வளர்த்துப் பரப்பிய தோட்டச் செடி. நம் காடுகளில் தானாக முளைத்து நிற்பதில்லை. நம் வீடுகளில் அது பெரும்பாலும் காய்ப்பதுமில்லை. காய் இல்லாத செடியைக் கொண்டு கனியைப் பற்றி என்ன கற்பது? இந்தக் குடும்பத்திலோ ஓர் இனத்தை மற்றோர் இனத்திலிருந்து பிரித்தறிய உதவும் முதன்மையான சான்று கனிதான். செம்பருத்தியில் புறப்புல்லி இருப்பதைப் பார்த்து, மால்வேசி என்றாலே புறப்புல்லி இருக்கும் என்று மனப்பாடம் செய்கிறோம். துத்தியில் அது கிடையாது; சைடா இனச் செடிகளிலும் கிடையாது. நம் ஊரில் மிகுதியாகக் காணப்படும் செடிகளே நம் மனப்பாடத்தைப் பொய்யாக்கி நிற்கின்றன.

நம் காலடியில் நிற்போர்

கருத்துச் சொல்வதோடு நின்றுவிடாமல், நம் ஊர்ப் பக்கம் காணக்கூடிய சிலரை வாசகர்களுக்கு அறிமுகப்படுத்துவது என் கடமை. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைலென்சு ஒன்று இருந்தால் போதும்.

முதலில் குடும்ப அடையாளம். இலைகள் மாறி மாறி அமைந்திருக்கும். காம்பின் அடியில் இரண்டு சிறு இலையடிச் செதில்கள் இருக்கும். லென்சு வைத்துப் பார்த்தால் இலையிலும் தண்டிலும் நட்சத்திர வடிவான ரோமங்கள் தெரியும். இலையைக் கசக்கினால் வெண்டைக்காய் போல வழவழப்பு. வெண்டையும் இந்தக் குடும்பமே என்பது நினைவிருக்கட்டும். பட்டையை உரித்தால் நார் வரும். பூவில் மகரந்தத் தாள் குழல். இவ்வளவும் பொருந்தினால் குடும்பத்தில் ஐயமில்லை.

இனி இரண்டே கேள்விகள் கேளுங்கள். புறப்புல்லி உண்டா, இல்லையா? கனி ஒரே பெட்டியாக இருந்து வெடிக்கிறதா, அல்லது துண்டு துண்டாகப் பிரிகிறதா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்தால் பாதி வழி கடந்தாயிற்று.

புறப்புல்லி இல்லை, கனி சக்கரம் போல வட்டமாக, பதினைந்து இருபது துண்டுகளாக அடுக்கியிருக்கிறது, ஒவ்வொரு துண்டிலும் ஒன்றுக்கு மேற்பட்ட விதை. இது துத்தி, அதாவது அபூட்டிலான் இண்டிகம். ஆள் இடுப்புயரம் வளரும். இலை இதய வடிவம். தொட்டால் வெல்வெட்டுத் துணி போல மெத்தென்றிருக்கும். மஞ்சள் பூ மாலை நேரத்தில்தான் விரியும். காலை பத்து மணிக்குச் செய்முறை வகுப்புக்குப் போகும் நாம் துத்திப் பூவைக் காணாததற்கு அதுவும் ஒரு காரணம். மாலைப் பேருந்துக்கு நிற்கும்போது சாலையோரம் பாருங்கள், விரிந்திருக்கும்.

புறப்புல்லி இல்லை, கனித்துண்டுகள் பத்து அல்லது அதற்குக் குறைவு, துண்டுக்கு ஒரே விதை. இது சைடா இனம். இதில் பல உண்டு. இலை இதய வடிவாகவும் உடலெல்லாம் மென்மயிர் போர்த்தும் இருந்து, கனித்துண்டு ஒவ்வொன்றிலும் இரண்டு நீண்ட கூர்முட்கள் நீட்டிக்கொண்டிருந்தால் அது நிலத்துத்தி எனப்படும் சைடா கார்டிஃபோலியா. இலை சாய்சதுரமாக இருந்து, மேல்பாதி பல்வெட்டுடனும் அடிப்பகுதி வெட்டின்றி ஆப்பு வடிவாகவும் அமைந்தால் சைடா ராம்பிஃபோலியா. இலை குறுகி நீண்டு, கிளையின் இருபுறமும் இரண்டு வரிசையாகப் படிந்திருந்தால் அரிவாள்மனைப் பூண்டு, அதாவது சைடா அக்யூட்டா.

புறப்புல்லி உண்டு, கனி ஐந்து துண்டுகளாகப் பிரிகிறது, ஆனால் சூல்தண்டின் கிளைகளோ பத்து. ஐந்துக்குப் பத்து என்னும் இந்தக் கணக்குப் பவோனியா இனத்துக்கும் யூரினா இனத்துக்கும் உரிய அடையாளம். பவோனியாவில் இரண்டு பேர் நம் வறண்ட நிலங்களுக்கு உரியவர். சிற்றாமுட்டி என்னும் பவோனியா ஜெய்லானிகா, தொட்டால் விரலில் ஒட்டும் பசை ரோமங்களும், பிளவுபட்ட இலைகளும், வெளிறிய சிறு பூவும் உடையது. பேராமுட்டி என்னும் பவோனியா ஒடொராட்டாவின் பூ இளஞ்சிவப்பு. வேர் நறுமணம் உடையது. ‘ஒடொராட்டா’ என்ற சொல்லே மணமுள்ளது என்று பொருள்படும்.

புறப்புல்லி உண்டு, கனி வெடிக்கும் பெட்டி. இது செம்பருத்தியின் சொந்த இனமாகிய ஹைபிஸ்கஸ். ஆனால் நம் பொட்டலில் நிற்கும் ஹைபிஸ்கஸ் மைக்ராந்தஸைப் பார்த்தால் செம்பருத்தியின் தங்கை என்று யாரும் நம்பமாட்டார்கள். கம்பி போன்ற மெல்லிய கிளைகள்; விரல் நகத்தளவு வெள்ளைப் பூ; இதழ்கள் பின்புறமாக மடங்கியிருக்கும்; நேரம் செல்லச் செல்ல வெள்ளை இளஞ்சிவப்பாகும். கனி வெடித்தால் விதைமேல் பஞ்சு! பருத்தியும் இந்தக் குடும்பமே என்பதை இதைவிடச் சிறப்பாக எந்தப் பாடநூல் சொல்லிவிட முடியும்? இன்னொன்று ஹைபிஸ்கஸ் விட்டிஃபோலியஸ்: மஞ்சள் பூ, நடுவில் கருஞ்சிவப்பு, கனியில் ஐந்து இறக்கைகள். ஒருமுறை கனியைப் பார்த்தவர் மறக்க மாட்டார்.

மரங்களையும் விட்டுவிடக் கூடாது. சிறுவயதில் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதினோமே, அந்தப் பூவரசும் இந்தக் குடும்பந்தான். அதன் மஞ்சள் பூ வாடும்போது சிவப்பாவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். என்ன குடும்பம் என்று எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்?

ஊர்ப் பெயரும் நூற்பெயரும்

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் அப்பத்தா கையெழுத்துப் போடத் தெரியாதவர். வாழ்நாளெல்லாம் களை வெட்டியும் ஆடு மேய்த்தும் வந்தவர். ஒரு விடுமுறை நாளில் வரப்போரத்தில் நான் செடிகளைப் பறித்துச் செய்தித்தாளுக்கு இடையில் வைத்துக்கொண்டிருந்தபோது அருகில் வந்து உட்கார்ந்தார். “ஏப்பா, துத்தியப் படிக்கிறதுக்கா இம்புட்டுத் தூரம் பஸ்ஸுல போற?” என்றார். பிறகு நான் கேட்காமலே ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். இது துத்தி, இது நிலத்துத்தி, அங்கே ஓடைப் பக்கம் இருக்கிறது ஒட்டத்துத்தி, அதன் காய் சேலையில் ஒட்டிக்கொள்ளும், இது சிற்றாமுட்டி, இது அரிவாள்மனைப் பூண்டு, கதிர் அறுக்கும்போது கை வெட்டுப்பட்டால் இலையைக் கசக்கிச் சாறு விடுவோம்.

அவர் சொன்ன முறையைப் பின்னர் எண்ணிப் பார்த்தேன். துத்தி, நிலத்துத்தி, ஒட்டத்துத்தி, சிற்றாமுட்டி, பேராமுட்டி. ஒரு பொதுப் பெயர். அதற்கு முன்னே ஓர் அடைமொழி. 1753ஆம் ஆண்டு ‘ஸ்பீஷிஸ் பிளாண்டாரம்’ என்னும் நூலில் லின்னேயஸ் தாவரங்கள் அனைத்துக்கும் வகுத்தளித்த இருசொற் பெயரீட்டின் அமைப்பும் ஏறக்குறைய இதுதானே! இனத்தின் பெயர் ஒன்று. சிற்றினத்தின் அடைமொழி ஒன்று. எழுத்தறியாத நம் மக்கள் செடிகளை வெறுமனே பெயரிட்டு அழைக்கவில்லை, வகைப்படுத்தியும் வைத்திருக்கிறார்கள்.

இரண்டு வகைப்பாடும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகும் என்று நான் சொல்ல வரவில்லை. ஒட்டத்துத்தியாகிய யூரினா லொபாட்டாவை நம் மக்கள் துத்தியோடு சேர்க்கிறார்கள். தாவரவியலார் பூவின் சூல்தண்டைப் பார்த்துப் பவோனியாவின் பக்கத்தில் வைக்கிறார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் ‘ஏன்?’ என்ற கேள்வி பிறக்கிறது. கேள்வி பிறந்தால்தானே அறிவியல்?

நூற்பெயர் மாறாதது, ஊர்ப் பெயர் நிலையற்றது என்ற எண்ணமும் முழு உண்மையன்று. துத்திக்கு லின்னேயஸ் 1756இல் வைத்த பெயர் சைடா இண்டிகா. பின்னர் 1826இல் ஸ்வீட் என்னும் ஆங்கிலேயர் அதை அபூட்டிலான் இனத்துக்கு மாற்றினார். 1998ஆம் ஆண்டில் மரபணு ஆய்வின் அடிப்படையில் வெளிவந்த ஏ.பி.ஜி. வகைப்பாடு, அதுவரை தனித்தனியே நின்ற ஸ்டெர்குலியேசி, டிலியேசி போன்ற குடும்பங்களையும் மால்வேசியோடு சேர்த்துவிட்டது. அறிஞர்கள் மேன்மேலும் ஆராய்ந்து திருத்திக்கொள்கிறார்கள். அது அறிவியலுக்கு அழகு. அந்தத் திருத்தங்கள் அத்தனையும் நடந்துகொண்டிருந்தபோது, நம் வரப்பில் துத்தி துத்தியாகவே அழைக்கப்பட்டு வந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

பெயரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் இக்குடும்பத்திலேயே வேடிக்கையான சான்றுகள் உண்டு. மால்வாஸ்ட்ரம் கோரமாண்டலியானம் என்று ஒரு செடி. சோழமண்டலக் கரையின் பெயரையே தாங்கியிருக்கிறது. ஆனால் அதன் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டம்! அரிவாள்மனைப் பூண்டு என்னும் பெயரில் தமிழ் மணக்கிறது. அதுவும் வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறியதே. ஆகவே நம் மண்ணுக்குரியது எது, வந்தேறியது எது என்பதைப் பெயரை வைத்து முடிவு செய்ய இயலாது. செடியை அடையாளம் கண்டு, அதன் வரலாற்றைத் தேடித்தான் அறிய வேண்டும்.

தவறான பெயரின் விலை

“துத்தியோ நிலத்துத்தியோ, எதுவானால் என்ன?” என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். மருந்துக் கடைக்குப் போனால் என்ன என்பது விளங்கும். ஆயுர்வேதத்தில் ‘பலா’ என்று சொல்லப்படும் மூலிகைக்குச் சைடா கார்டிஃபோலியாவே உரியது என்பது பொதுவான கொள்கை. ஆனால் கேரளத்தில் குறுந்தோட்டி என்ற பெயரில் சைடா இனத்தின் வேறு செடிகளைப் பயன்படுத்துகிறார்கள். உலர்ந்த வேராகக் கட்டி விற்கும்போது எல்லாம் ஒன்று போலவே தோன்றும். சைடா கார்டிஃபோலியாவில் எஃபெட்ரின் என்னும் வேதிப்பொருள் சிறிதளவு உண்டு. அது இதயத்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தக் கூடியது. எஃபெட்ரின் வகைப் பொருள்கள் கலந்த உணவுத் துணைப்பொருள்களை 2004ஆம் ஆண்டு அமெரிக்க அரசு தடை செய்தது. ஒரு செடியின் பெயர் மாறினால் மருந்தின் குணமும் மாறும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? வரப்பில் பறித்ததை வாயில் போட்டுப் பாருங்கள் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். இனங்காணத் தெரியாதவன் பறிக்கவே கூடாது என்றுதான் சொல்வேன்.

உழவருக்கும் இதில் பங்குண்டு. பருத்தியைத் தாக்கும் மாவுப்பூச்சி துத்தியிலும் தங்கிப் பெருகும். அதனால் பருத்தி வயல் ஓரத்தில் துத்தியை அகற்றுவது முறையே. ஆனால் கண்மாய்க் கரையிலும் பாறை இடுக்கிலும் பருத்தியே இல்லாத பொட்டலிலும் நிற்பதை எல்லாம் ‘களை’ என்ற ஒரே சொல்லால் அழிப்பது முறையா? சைடா போன்ற செடிகளின் இலையில்தான் ‘இந்தியன் ஸ்கிப்பர்’ என்னும் சிறு வண்ணத்துப்பூச்சி முட்டையிடுகிறது. அறிந்து அகற்றுவது வேறு. அறியாமல் அழிப்பது வேறு.

நம் மாவட்டத்தின் நிலைமையையும் சற்று எண்ணிப் பாருங்கள். புதர்க்காடுகள் இருந்த பல இடங்களில் இன்று தைல மரங்கள் வரிசையாக நிற்கின்றன. கண்மாய்களிலும் தரிசுகளிலும் சீமைக்கருவேலம் படர்ந்திருக்கிறது. அயல் தாவரங்களின் பரவலைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2022இல் ஒரு கொள்கையையே வகுத்து வெளியிட்டது. அயல் மரத்தை அகற்றுவது சரி. அகற்றிய இடத்தில் எது வர வேண்டும்? அங்கே முன்பு எது இருந்தது என்று தெரிந்தவர் வேண்டாமா? அதைச் சொல்லும் அறிவு இன்று பெரும்பாலும் என் அப்பத்தா போன்றோரின் நினைவில்தான் இருக்கிறது. அவர் எழுபதைக் கடந்துவிட்டார். என் தாய்க்கு அவருக்குத் தெரிந்ததில் பாதி தெரியும். என் தங்கைக்கு இரண்டு செடி தெரிந்தால் அதிகம். நாங்கள் படித்து முன்னேறுகிறோம். வீட்டில் இருந்த ஒரு படிப்பு எங்கள் கண்முன்னே கரைகிறது. முதல் தலைமுறைப் பட்டதாரியின் வீட்டில் நடக்கும் இந்த இழப்பை வேறு யார் எடுத்துச் சொல்வார்கள்?

மறுப்புகளுக்கு மறுமொழி

பேராசிரியப் பெருமக்களில் சிலர் கூறக்கூடிய தடைகளையும் நான் எண்ணிப் பார்க்காமல் இல்லை.

“காட்டுப்பூக்கள் சிறியவை, அறுபது மாணவர் உள்ள வகுப்பில் அவற்றை அறுத்துப் பார்ப்பது கடினம்” என்பர். உண்மைதான். எனவே செம்பருத்தியை விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. முதல் வகுப்பில் செம்பருத்தி. அடுத்த வகுப்பில் துத்தியும் நிலத்துத்தியும் சிற்றாமுட்டியும். பெரிய எழுத்தில் படிக்கக் கற்றவன் பிறகு சிறிய எழுத்தையும் படிக்கத்தானே வேண்டும்?

“கையில் அலைபேசி இருக்கிறது, படம் எடுத்தால் செயலியே பெயரைச் சொல்லிவிடுகிறதே” என்பர் நண்பர்கள். நானும் பயன்படுத்துகிறேன். பூவின் படத்தைக் காட்டினால் சைடா இனம் என்பது வரை அது பெரும்பாலும் சரியாகச் சொல்கிறது. ஆனால் எந்தச் சைடா என்பது கனித்துண்டின் முள்ளில் இருக்கிறது. இலையின் அடிப்பகுதியில் இருக்கிறது. அதைப் படம் எடுக்க வேண்டும் என்று தெரிந்தவனுக்குத்தான் செயலியும் உதவும்.

“இதனால் வேலை கிடைக்குமா?” என்ற கேள்வி எல்லாவற்றிலும் கனமானது. என் தந்தையும் அதைத்தான் கேட்கிறார். கூலி வேலை செய்து என்னைப் படிக்க வைக்கும் அவருக்கு அப்படிக் கேட்க முழு உரிமை உண்டு. துத்தியை அறிந்தால் உடனே ஓர் உத்தியோகம் வரும் என்று என்னால் அவரிடம் பொய் சொல்ல முடியாது. ஆனால் மூலிகை வாணிபத்துக்கும், நாற்றங்காலுக்கும், காட்டை மீட்கும் பணிக்கும் செடியை நேரில் கண்டு பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் தேவை. பட்டம் பெற்றும் ஒரு செடியின் பெயர் தெரியாத தாவரவியலாளனை அந்த வாசல்களில் யார் வரவேற்பார்கள்?

என்ன செய்யலாம்?

நான் முன்வைப்பவை நான்கே நான்கு; பெரும் பணம் எதற்கும் தேவையில்லை.

முதலாவதாக, மால்வேசி குடும்பத்துக்குரிய செய்முறை வகுப்பு ஒன்றை மார்கழி, தை மாதங்களில் வைத்துக்கொள்ள வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு பூவும் காயும் ஒருசேரக் கிடைக்கும் காலம் அது. சித்திரையில் தேடினால் சருகுதான் கிடைக்கும்.

இரண்டாவதாக, துறையில் உள்ள உலர்தாவர அலமாரியில் நம் வட்டத்துச் செடிகளுக்கென ஓர் அடுக்கு ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு தாளிலும் நூற்பெயர், ஊர்ப் பெயர், இடம், நாள் ஆகியவற்றோடு, அந்த ஊர்ப் பெயரைச் சொன்னவர் யார் என்பதும் அவர் இசைவோடு எழுதப்பட வேண்டும். இது புதுமையன்று. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ‘ஹார்ட்டஸ் மலபாரிக்கஸ்’ என்னும் பெருநூலில், செடிகளைப் பற்றி எடுத்துரைத்த இட்டி அச்சுதன் என்னும் மலையாள வைத்தியரின் சான்றுரை அவர் பெயரோடு அச்சிடப்பட்டிருக்கிறது. டச்சு ஆளுநர் வான் ரீட் அன்று செய்ததை நம் கல்லூரி இன்று செய்ய முடியாதா?

மூன்றாவதாக, ஐயம் வந்தால் கேட்டுத் தெளிய அருகிலேயே இடம் இருக்கிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் உலர்தாவரகம் இருக்கிறது. அங்கே பணியாற்றிய கே. எம். மேத்யூ அடிகளார் 1981 முதல் வெளியிட்ட ‘தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதித் தாவரவளம்’ பற்றிய ஆங்கிலத் தொகுதிகள் நம் போன்ற உலர்நிலத்து மாணவர்களுக்குக் கிடைத்த செல்வம். அதற்கு முன் 1915இல் தொடங்கிக் கேம்பிள் எழுதிய சென்னை மாகாணத் தாவர நூல் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் கல்விச் சுற்றுலாவில் ஒரு நாளை அந்த உலர்தாவரகத்துக்கு ஒதுக்கினால் என்ன?

நான்காவதாக, கல்லூரி வளாகத்தைத் தூய்மை செய்யும் நாளுக்கு முன்னால், தாவரவியல் மாணவர்கள் ஒருமுறை சுற்றி வந்து, விதை முற்றாத நாட்டுச் செடிகள் உள்ள ஒரு பகுதிக்குக் கயிறு கட்டிவிட வேண்டும். விதை உதிர்ந்த பின் வெட்டிக்கொள்ளலாம். பறிக்கும்போதும் வேரோடு பிடுங்கக் கூடாது. ஒரு கிளை போதும். கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். அங்கே கண்ணால் காண்பதோடும் படம் எடுப்பதோடும் நிறுத்திக்கொள்வதே நமக்கு அழகு.

திருமயத்தைப் பற்றிக் கேட்டால் நாம் பெருமையோடு சொல்கிறோம். 1687இல் சேதுபதி மன்னர் எழுப்பிய கோட்டை என்கிறோம். ஒரே பாறையில் குடைந்த சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் அருகருகே உள்ள ஊர் என்கிறோம். 1887இல் தீரர் சத்தியமூர்த்தி பிறந்த மண் என்கிறோம். இவ்வளவும் சொல்ல வேண்டியவையே. குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை வரிசைப்படுத்திய கபிலர் நம் பக்கத்துப் புலவர் என்றே சொல்லலாம். அவர் நண்பன் பாரியின் பறம்பு மலையை இன்றைய பிரான்மலை என்பர். அந்தத் தொண்ணூற்றொன்பதில் ‘பாரம்’ என்பதற்குப் பருத்திப் பூ என்று உரை கூறப்படுகிறது. மால்வேசி குடும்பத்துப் பூ ஒன்றைச் சங்கப் புலவர் தம் பட்டியலில் சேர்த்திருக்கிறார்! தொண்ணூற்றொன்பதும் வேண்டாம்; பட்டம் பெற்றுப் போகும் ஒவ்வொரு தாவரவியல் மாணவனும் மாணவியும் தம் ஊரின் ஒன்பது பூக்களையாவது கண்டவுடன் பெயர் சொல்லி அழைக்கட்டும்.

பேராசிரியர்களே! அடுத்த மார்கழியில் ஒரு நாள் எங்களை வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் செல்லுங்கள். நண்பர்களே! அதற்கு முன்பே இந்த வாரம் வீட்டுக்குப் போகும்போது, பாட்டியோடு வரப்பில் பத்து நிமிடம் நடந்து, அவர் சொல்லும் பெயர்களை ஒரு தாளில் எழுதி வாருங்கள். அந்தத் தாள்களைச் சேர்த்து வைக்க அலமாரியில் இடம் கேட்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.